நார்வே ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லை, அப்புறம் பிரஸ்ஸல்ஸில் எதற்கு இவ்வளவு பெரிய தூதுக்குழு?

குறிஞ்சிமலர்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக ஐரோப்பிய ஒன்றியம் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது. நார்வே மக்கள் 1972-இல் ஒரு முறை, 1994-இல் ஒரு முறை, ஆக இரண்டு பொதுவாக்கெடுப்பிலும் சேர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதல் முறை 53.5 சதவீதம், இரண்டாவது முறை 52.2 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்திருக்கிறார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்போம்? ஆனால் பிரஸ்ஸல்ஸில் ஒன்றியத்துக்கென்றே நார்வே தனியாக ஒரு தூதுக்குழு வைத்திருக்கிறது, அந்த நாடு உலகம் முழுக்க வைத்திருக்கும் தூதரகங்களில் பெரியவற்றில் அதுவும் ஒன்றாம். வெளியுறவுத் துறை ஆட்கள் மட்டும் இல்லை, மீன்வளம், போக்குவரத்து, சுகாதாரம், நிதி, நீதி என்று கிட்டத்தட்ட எல்லா அமைச்சகமும் தன் ஆளை அங்கே அனுப்பி வைத்திருக்கிறது.

வாக்குரிமையே இல்லாத இடத்தில் இத்தனை பேர் தினமும் என்னதான் செய்கிறார்கள்? அதனால் ஏதாவது பலன் உண்டா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தூதர் என்றால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத்தானே போவார், ஒன்றியம் நாடே இல்லையே, அங்கே போகும் தூதருக்குக் கைது, வழக்கு இவற்றிலிருந்து காக்கும் விலக்குரிமை எல்லாம் யார் கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடதுருவன்:

நான் பல வருடமாக ஆஸ்லோவில் இருக்கிறேன், மீன் ஏற்றுமதித் தொழிலில் வேலை, அதனால் இந்தத் தூதுக்குழுவின் பெயர் அடிபடாத வாரம் எங்களுக்குக் கிடையாது. முடிந்தவரை சொல்கிறேன்.

நார்வே ஒன்றியத்தில்தான் இல்லையே தவிர, ஒன்றியத்தின் சந்தைக்குள் இருக்கிறது. 1992 மே மாதம் போர்ட்டோவில் கையெழுத்தாகி 1994 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம்தான் இதற்கு அடிப்படை. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் மூன்றும் ஒரு பக்கம், ஒன்றியம் மறு பக்கம். பொருள், சேவை, மூலதனம், ஆட்கள், நான்கும் தடையில்லாமல் போய்வரலாம். பதிலுக்கு, சந்தை தொடர்பாக ஒன்றியம் போடும் சட்டங்களை எல்லாம் இந்த மூன்று நாடுகளும் தங்கள் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2012-இல் ஃப்ரெட்ரிக் செய்யர்ஸ்டெட் என்ற சட்டப் பேராசிரியர் தலைமையில் நார்வே அரசே போட்ட குழு ஒரு பெரிய அறிக்கை கொடுத்தது. ஓர் உறுப்பு நாடு எடுத்துக்கொள்ளும் சட்டங்களில் ஏறத்தாழ முக்கால்வாசியை நார்வேயும் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அதில் கண்டிருக்கிறது. முக்கால்வாசி! மருந்து, பொம்மை, விமானம், வங்கி, வேலை நேரம் என்று எதைத் தொட்டாலும் அதன் மூலம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. வாக்கு மட்டும் கிடையாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். உறுப்பு நாடாக இருந்தால், உறுப்பு நாட்டு அரசுகள் கூடிச் சட்டங்களை முடிவு செய்யும் கவுன்சிலில் உங்கள் நாட்டு ஆள் உட்கார்ந்திருப்பார், பிடிக்காத வரி ஒன்று வந்தால் கை தூக்கி அங்கேயே சண்டை போடலாம். நார்வேக்கு அந்த நாற்காலி கிடையாது. அதனால் சட்டம் அந்த மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே பிடித்தாக வேண்டும். ஒப்பந்தத்தின் 99-ஆவது பிரிவு அதற்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒரு சட்டத்தை வரைய ஆரம்பிக்கும்போது உறுப்பு நாடுகளின் நிபுணர்களிடம் எப்படி ஆலோசனை கேட்கிறதோ, அப்படியே இந்த மூன்று நாடுகளின் நிபுணர்களிடமும் கேட்க வேண்டும். அடுத்த பிரிவு, ஆணையம் நடத்தும் குழுக்களில் உட்காரவும் வழி செய்கிறது, வாக்களிக்க மட்டும் முடியாது. அந்த ஒரு கதவுக்காகத்தான் இத்தனை பேர்.

உதாரணத்துக்கு, உணவுப் பொட்டலத்தின் மேல் என்ன எழுத வேண்டும் என்று ஆணையம் ஒரு திருத்தம் யோசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த யோசனை ஆணையத்தின் துறை ஒன்றில் யாரோ ஒரு அதிகாரியின் கணினியில் பாதி பக்கக் குறிப்பாக இருக்கும்போதே தூதுக்குழுவின் விவசாய, உணவுத் துறை ஆள் அவரிடம் பேசியிருக்க வேண்டும். தூதுக்குழு இருப்பது ஆர்க்கிமீட் தெருவில், ஆணையத்தின் தலைமையகமான பெர்லேமோன் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே. போய்ப் பேசிவிட்டு வந்து, எங்களைப் போன்ற தொழில்காரர்களிடமும் ஆஸ்லோவில் இருக்கும் அமைச்சகத்திடமும் கேட்டு, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனோடு சேர்ந்து எழுத்தில் ஒரு கருத்து அனுப்புவார்கள். ஆணையம் வரைவை வெளியிட்டு அது கவுன்சிலுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனதோடு அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அதன் பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து ஆட்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டம் முடிந்து வெளியே வருபவரைப் பிடித்து ஒரு காபி வாங்கிக் கொடுத்து, எந்தப் பத்தி மாறியது, யார் எதிர்த்தார் என்று கேட்பதும் ராஜதந்திர வேலைதான், நல்ல அதிகாரிக்கு அதில்தான் பேரே.

ஷெங்கன், அதாவது உள் எல்லைகளில் சோதனை இல்லாமல் போய்வரும் ஏற்பாடு, அந்த விஷயத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் மேல். எல்லைக் கட்டுப்பாடு, விசா சம்பந்தப்பட்ட பேச்சில் நார்வே, கூட்டுக் குழு என்ற பெயரில், அமைச்சர் மட்டம் வரை மேசையிலேயே உட்காரலாம், பேசலாம். அங்கேயும் வாக்கு கிடையாது.

மீன் தனிக் கதை. விவசாயமும் மீன்பிடியும் பொதுக் கொள்கை என்ற அளவில் அந்த ஒப்பந்தத்துக்குள் வரவே இல்லை. பச்சை சால்மன் மீனை ஒன்றியத்துக்கு அனுப்பினால் 2 சதவீதச் சுங்கம், அதையே இங்கே புகை போட்டுப் பதப்படுத்தி அனுப்பினால் 13 சதவீதம். அதனால்தான் நார்வே மீன் முழுசாகப் போலந்துக்கும் டென்மார்க்குக்கும் போய் அங்கே பதப்படுத்தப்படுகிறது, அந்த வேலைவாய்ப்பும் அங்கேயே போய்விடுகிறது. இங்கே கடலோர ஊர்களில் பதப்படுத்தும் ஆலை வைத்திருப்பவர்களுக்கு இது நெஞ்சில் முள். இந்தச் சுங்கத்தைக் குறைக்கச் சொல்லி ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் மன்றாடுவதும் தூதுக்குழுவின் நிரந்தர வேலைகளில் ஒன்று.

சட்டக்கோல்:

விலக்குரிமைக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

1961-ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டு ஒப்பந்தம் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான தூதரக உறவுக்குப் போட்டது. ஒன்றியம் நாடு இல்லை, நீங்கள் சொன்னது சரிதான். அதனால் ஒன்றியத்தின் உடன்படிக்கைகளோடு இணைந்த 7-ஆவது நெறிமுறையில் 16-ஆவது பிரிவாக ஒரே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். ஒன்றியத்தின் தலைமையிடம் எந்த உறுப்பு நாட்டில் இருக்கிறதோ அந்த நாடு, ஒன்றியத்துக்கு நியமிக்கப்பட்டு வரும் வெளிநாட்டுத் தூதுக்குழுக்களுக்கு வழக்கமான சலுகை, விலக்குரிமை எல்லாம் கொடுக்க வேண்டும். ஆக, நார்வே தூதர் வேலை பார்ப்பது ஒன்றியத்திடம், அவருடைய விலக்குரிமையை மதிக்க வேண்டியது பெல்ஜியம். அமெரிக்காவுக்கெல்லாம் பிரஸ்ஸல்ஸில் ஒரே நேரத்தில் மூன்று தூதர்கள்: பெல்ஜியத்துக்கு ஒருவர், நேட்டோவுக்கு ஒருவர், ஒன்றியத்துக்கு ஒருவர்.

நியமனப் பத்திரத்தை யாரிடம் கொடுப்பது என்பதில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1960-களில் ஆணையத்தின் தலைவராக இருந்த வால்ட்டர் ஹால்ஸ்டைன், வெளிநாட்டுத் தூதர்களின் பத்திரங்களைச் சிவப்புக் கம்பளம் விரித்து, ஒரு நாட்டின் அதிபர் போல வாங்கிக்கொண்டிருந்தார். பிரான்சின் அன்றைய அதிபர் டி கோலுக்கு அது பொறுக்கவில்லை, இவர் என்ன அரசரா என்ற கோபம். 1965-இல் பிரான்ஸ் தன் நாற்காலியைக் காலியாக விட்டு வெளியேறியதற்குப் பெரிய காரணம் விவசாய நிதியும் வாக்களிப்பு முறையும்தான், ஆனால் 1966 ஜனவரியில் லக்ஸம்பர்க்கில் சமரசம் பேசியபோது இந்தப் பத்திர விஷயமும் பட்டியலில் இருந்தது. இனி கவுன்சில் தலைவர், ஆணையத் தலைவர் இருவரும் சேர்ந்துதான் வாங்க வேண்டும் என்று முடிவானது. சடங்குதானே என்று இதை ஒதுக்க முடியாது, ஒரு தூதரை வரவேற்கும் உரிமை யாருக்கு என்பது, வெளியுலகத்துக்கு ஒன்றியத்தின் முகம் யார் என்ற கேள்வி.

எதிர்த்திசையிலும் இதே இழுபறி உண்டு. 2018 கடைசியில் ட்ரம்ப் அரசு வாஷிங்டனில் இருந்த ஒன்றியத் தூதரின் அந்தஸ்தை, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சர்வதேச அமைப்பின் பிரதிநிதி அளவுக்கு இறக்கிவிட்டது, மூத்த புஷ்ஷின் இறுதிச் சடங்கில் தூதர்களை வரிசையாக அழைத்தபோதுதான் அது வெளிப்பட்டது. 2019 மார்ச்சில் பழைய இடம் திரும்பக் கிடைத்தது. பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டுப் போன கையோடு லண்டனில் ஒன்றியத் தூதருக்கு முழு அந்தஸ்து தர மறுத்து, 2021 மே மாதம்தான் ஒப்புக்கொண்டது. அதுவரை பிரஸ்ஸல்ஸில் பிரிட்டிஷ் தூதருக்கும் வரவேற்பு சரியாக இல்லை.

கடலோடி:

வடதுருவன் சொன்ன தகவல்கள் எல்லாம் சரி, ஆனால் அவர் வரைந்த படம் ரொம்ப அழகாக இருக்கிறது என்பது என் கருத்து. பாதி பக்கக் குறிப்பாக இருக்கும்போதே போய்ப் பேசுகிறார்கள் என்கிறார். சரி, பேசட்டும். கடைசியில் உறுப்பு நாடுகளுக்கு வலிக்கும்போது அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு?

ஃபெரோ அலாய் விவகாரத்தைப் பாருங்கள். எஃகு செய்யத் தேவையான கலப்பு உலோகம், நார்வேயின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று. 2024 டிசம்பரில் ஆணையம், உள்ளூர் ஆலைகளைக் காக்க இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்று இறக்குமதிப் பாதுகாப்பு விசாரணை ஆரம்பித்தது. ஏறக்குறைய ஒரு வருடம் பிரதமரில் தொடங்கி தூதுக்குழு வரை எல்லோரும், நாங்கள் ஒரே சந்தைக்குள் இருப்பவர்கள், எங்களுக்கு இது பொருந்தக் கூடாது என்று கதறினார்கள். 2025 நவம்பரில் நார்வே, ஐஸ்லாந்தையும் சேர்த்துத்தான் நடவடிக்கை வந்தது, மூன்று வருடத்துக்கு. பொருளாதாரப் பகுதியில் கூட இருக்கும் நாட்டின் மேலேயே இப்படி ஒரு நடவடிக்கை. ஃபியோர்டு ஓரத்தில் அந்த ஓர் ஆலையை மட்டும் நம்பி இருக்கும் ஊர்களுக்கு, எங்கள் அதிகாரி முன்கூட்டியே பேசினார் என்று சொன்னால் அடுப்பு எரியுமா?

உள்நாட்டிலும் பாருங்கள். 2025 ஜனவரியில் ஒன்றியத்தின் எரிசக்தித் துறை டைரக்டிவ் (நாடுகள் தங்கள் சட்டமாக்க வேண்டிய ஒன்றிய ஆணை) மூன்றை ஏற்கலாமா கூடாதா என்ற சண்டையில் சென்டர் கட்சி ஆளும் கூட்டணியை விட்டே வெளியேறியது. மூன்றே மூன்று டைரக்டிவ், ஓர் அரசாங்கக் கூட்டணி காலி. வேறு யாரோ எழுதிய சட்டத்தை ஏற்பதற்காக ஒரு நாடு இப்படி உடைந்து நிற்கிறது என்றால், தூதுக்குழுவின் அளவு பலத்தைக் காட்டவில்லை, பலமின்மையைத்தான் காட்டுகிறது. ஃபேக்ஸ் ஜனநாயகம் என்று நார்வேக்காரர்களே சும்மா சொல்லவில்லை, பிரஸ்ஸல்ஸிலிருந்து ஃபேக்ஸில் வருவது சட்டம்.

குறிஞ்சிமலர்:

மூவருக்கும் ரொம்ப நன்றி, 16-ஆவது பிரிவு விஷயம் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. கடலோடி சொல்வதைப் பார்த்தால், மறுக்கும் உரிமை என்று ஒன்று நார்வேக்கு இல்லவே இல்லையா? ஒப்பந்தத்தில் இருப்பதாகப் படித்தேனே.

வடதுருவன்:

இருக்கிறது. பொருளாதாரப் பகுதிக் கூட்டுக் குழு என்று ஒன்று உண்டு, மூன்று நாட்டுத் தூதர்களும் ஒன்றியத்தின் வெளியுறவுச் சேவை ஆட்களும் உட்காருவார்கள். அங்கே ஒருமனதாக முடிவெடுத்தால்தான் ஒன்றியச் சட்டம் ஒப்பந்தத்தில் சேரும். நார்வே வேண்டாம் என்று சொன்னால் மூன்று நாட்டுக்கும் அது நிற்கும். ஆனால் அப்படிச் சொன்னால், அந்தச் சட்டம் சார்ந்த ஒப்பந்தப் பகுதியையே நிறுத்தி வைக்க 102-ஆவது பிரிவு ஒன்றியத்துக்கு வழி விடுகிறது. அந்தப் பயத்தில்தான் யாரும் அதைத் தொடுவதில்லை. 2011-இல் மூன்றாவது அஞ்சல் டைரக்டிவை ஏற்க மாட்டோம் என்று அன்றைய அரசு சொன்னது, கிராமப்புறக் கடிதப் பட்டுவாடாவும் ஊழியர் சம்பளமும் கெட்டுப்போகும் என்ற கவலை. 2013-இல் ஆட்சி மாறியதும் புது அரசு அந்த எதிர்ப்பை வாபஸ் வாங்கிவிட்டது.

ஆனாலும் கடலோடி, ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஃபெரோ அலாய் வர்த்தகப் பாதுகாப்பு நடவடிக்கை, அது உறுப்பு நாடுகள் வாக்களித்து முடிவு செய்வது, அங்கே நார்வேக்குக் கதவே கிடையாது, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. தினசரி நடப்பது வேறு. கப்பல் பாதுகாப்பு, கடல் சுற்றுச்சூழல், எரிவாயு, மீன் நோய் மாதிரி நார்வேக்காரர்களுக்கு நிஜமாகவே அதிகம் தெரிந்த துறைகளில் ஆணையமே கூப்பிட்டுக் கேட்கும். ஆணையத்துக்குள்ளேயே நார்வே அரசு அனுப்பிய நிபுணர்கள் தற்காலிகமாக வேலை பார்க்கிறார்கள். ஒரு சட்டத்தில் குளிர்காலத்தில் ஆறு மாதம் உறைந்து கிடக்கும் பகுதிகளுக்கு விதிவிலக்கு என்று ஒரு வரி சேர்ந்தால் அது பத்திரிகையில் வராது, இங்கே மலைக்கிராமத்தில் இருப்பவருக்கு அதுதான் பெரிசு. தூதுக்குழு பத்தாது என்று வட நார்வே, ஆஸ்லோ வட்டாரம் எல்லாம் பிரஸ்ஸல்ஸில் தனித்தனியாக அலுவலகம் போட்டிருப்பதும் இதற்காகத்தான்.

தேம்ஸ்கரை:

இங்கிலாந்தில் இருக்கிறேன். இந்த விவாதத்துக்கு பிரிட்டனின் அனுபவத்தைச் சேர்க்காமல் விட மனசு வரவில்லை, ஏனென்றால் உள்ளேயும் வெளியேயும் இருப்பதற்கு என்ன வித்தியாசம் என்பதை ஒரே நாட்டில், ஒரே தலைமுறை அதிகாரிகளின் வேலையில் பார்க்க முடிந்தது.

1973 முதல் பிரிட்டனுக்கு பிரஸ்ஸல்ஸில் இருந்தது, உறுப்பு நாடுகளுக்கே உரிய நிரந்தரப் பிரதிநிதி அலுவலகம். கவுன்சிலின் ஒவ்வொரு பணிக்குழுவிலும் பிரிட்டிஷ் ஆள் உண்டு, வரைவுகளைத் திருத்துவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று மற்ற நாட்டவரே ஒப்புக்கொள்வார்கள். 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு அந்த அலுவலகம் படாத பாடு பட்டது. தலைவராக இருந்த ஐவன் ராஜர்ஸ் 2017 ஜனவரியில் விலகினார், விலகும்போது அதிகாரத்தில் இருப்பவர்களிடம் உண்மையைத் தயங்காமல் சொல்லுங்கள் என்று சக ஊழியர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டுப் போனார். அவர் இடத்துக்கு வந்த டிம் பாரோதான் 2017 மார்ச் 29 அன்று வெளியேறும் அறிவிப்புக் கடிதத்தை ஐரோப்பிய கவுன்சிலின் அன்றைய தலைவர் டொனால்ட் டஸ்க் கையில் நேரில் கொடுத்தார். 2019 செப்டம்பரிலிருந்தே முக்கியமில்லாத கூட்டங்களுக்குப் போவதை பிரிட்டன் தானாகவே நிறுத்திவிட்டது. 2020 ஜனவரி 31 நள்ளிரவோடு அந்த அலுவலகம் வெறும் தூதுக்குழு.

முந்தைய நாள் வரை கூட்டத்துக்குள் இருந்தவர்கள், மறுநாள் முதல் நார்வேக்காரர்களைப் போல வெளியே வருபவர்களிடம் கேட்க வேண்டிய நிலை. நார்வேக்காவது 99-ஆவது பிரிவு இருக்கிறது, பிரிட்டனுக்கு அதுவும் இல்லை. இத்தனைக்கும் வட அயர்லாந்தில் பொருட்கள் சம்பந்தப்பட்ட ஒன்றியச் சட்டங்கள் பல இன்னமும் செல்லும். இங்கே யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. 2025 மே மாதம் லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில் உணவு, கால்நடை, தாவரப் பாதுகாப்பு விதிகளில் ஒன்றியத்தோடு ஒத்துப்போக ஒப்பந்தம் செய்யலாம் என்று பேசினார்களே, அதில் பிரிட்டன் கேட்டு வாங்கிய ஓர் அம்சம், சட்டம் வரையும் ஆரம்பக் கட்டத்திலேயே உறுப்பினர் அல்லாத நாட்டுக்குத் தகுந்த அளவில் தன் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது. நார்வே 1994-லிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் அதே சின்னக் கதவு. வேண்டாத பொருளை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், அதனால் கடலோடி சொல்வது போல அதைப் பூஜ்யம் என்று தள்ள எனக்கு மனமில்லை.

கடலோடி:

பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை தேம்ஸ்கரை. வாக்குக்கு அது ஈடாகாது என்பதுதான் என் வாதம். இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: இந்தச் சந்தைக்குள் இருப்பதற்கு நார்வே பணமும் தருகிறது. 2014 முதல் 2021 வரையிலான காலத்துக்கு ஒன்றியத்தின் வசதி குறைந்த நாடுகளுக்காக மூன்று நாடுகளும் சேர்ந்து ஒதுக்கிய உதவி நிதி 280 கோடி யூரோ, அதில் பெரும் பங்கு நார்வேயின் பணம். ஒரு விஷயத்தில் மட்டும் நார்வே உறுதியாக நின்றதை மெச்ச வேண்டும். ஹங்கேரியில் தன்னார்வ அமைப்புகளுக்கான நிதியை அரசுக்குச் சம்பந்தமில்லாத ஓர் அமைப்புதான் பிரித்துத் தர வேண்டும் என்றார்கள், ஹங்கேரி அரசு ஒத்துக்கொள்ளவில்லை, 2021-இல் சுமார் 21.4 கோடி யூரோ அந்த நாட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டது. வாக்கு இல்லாத நாடு பணத்தை வைத்துப் பேசிய இடம் அது. தூதுக்குழு இப்படிப்பட்ட இடங்களில்தான் பேரத்தைக் கூட்ட வேண்டும் என்பேன், மீன் சுங்கத்தையும் சேர்த்து.

குறிஞ்சிமலர்:

நிறைய தெளிவு கிடைத்தது. கடைசியாக ஒன்று. இந்தியாவுக்கும் பிரஸ்ஸல்ஸில் இப்படித் தனித் தூதுக்குழு உண்டா?

சட்டக்கோல்:

தனியாகக் கிடையாது. ஒரே இந்தியத் தூதர்தான் பெல்ஜியம், லக்ஸம்பர்க், ஐரோப்பிய ஒன்றியம் மூன்றுக்கும் பொறுப்பு. அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு 1962-லேயே உறவு வைத்துக்கொண்ட நாடு இந்தியா, ஆனாலும் ஒன்றியத்தின் சட்டங்களை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லாததால் நார்வே போல ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் ஆள் வைக்கத் தேவை வரவில்லை. வர்த்தகப் பேச்சு 2007-இல் ஆரம்பித்து 2013-இல் நின்று 2022-இல் மறுபடி தொடங்கியபோதும் டெல்லியிலிருந்து வணிக அமைச்சக அதிகாரிகள்தான் எதிரே உட்கார்ந்தார்கள். ஆனால் இனிமேல் இந்த ஏற்பாடு போதுமா என்பது எனக்குச் சந்தேகம். எஃகு, அலுமினியம் மேல் 2026 ஜனவரி முதல் முழுசாக நடைமுறைக்கு வந்த கார்பன் எல்லை வரி (தயாரிப்பில் வெளியான கார்பனைக் கணக்கிட்டு இறக்குமதியில் வாங்கும் கட்டணம்) மாதிரியான சட்டங்கள் வரைவாக இருக்கும்போதே நம் ஆலைக்காரர்களின் கணக்கு வழக்கோடு போய்ப் பேசத் தொழில் தெரிந்த நாலு பேராவது அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். சட்டமாகி வந்த பிறகு அறிக்கை விடுவதற்கு டெல்லியே போதும்.